தோளில் போன படகு

படகு லாரியின்மேல் ஏறியிருக்கிறது. நான் படகின்மேல் ஏறியிருக்கிறேன். இதில் பயணம் போவது யார் என்று கேட்டால் லாரி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சார் அதைக் கேட்கவில்லை. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்கிறார். லாரி மேற்கே போகிறது, அதனால் காற்று மேற்கிலிருந்து வருகிறது. லாரி நின்றால் காற்றும் நின்றுவிடும். இதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா? சரி, மேற்கு என்றே எழுதிவிடுவோம். சரி. எதற்கும் சரி.

செந்தமிழ்ச்செல்வி தன் பதிவேட்டில் ‘மேற்கு’ என்று எழுதினாள்.

“பலமா, லேசா?” என்றார் இன்னாசி சார், படகின் முன்முனையில் ஒரு காலை வைத்துக்கொண்டு.

“நீங்களே சொல்லுங்க சார்.”

“பலம்னு போடு.”

“சரிங்க சார்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷீபா அவள் விலாவில் இடித்தாள். “உன்ன இந்த லாரியிலேர்ந்து குதின்னாலும் சரிங்க சார்னு குதிப்ப.”

குதித்திருப்பாள்தான். அது செல்விக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கோமுகி அணைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நீல வண்ணம் அடித்த பன்னிரண்டு அடிப் படகு. கடலரசி என்று பெயர். கடலை அது பார்த்ததில்லை. அணையில் விட்டுவிட்டு வந்தால் ஆடுகள் ஏறிப் படுத்துக்கொள்கின்றன என்பதால், ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடத்திலிருந்து லாரியில் ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவருவார்கள். அணையில் விட்டதும் அது நடுத்தண்ணீரில் போய் நிற்கும். காற்று வராது. படகின் பாய், துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரித் தொங்கும். இப்படி இருபத்து நான்கு மணி நேரம் அவர்கள் பயணம் செய்திருந்தார்கள்.

இன்னும் ஆறு மணி நேரம் பாக்கி. செல்விக்கு எல்லாமே அந்த ஆறு மணி நேரத்தில்தான் இருந்தது. ஆசிரியர் பயிற்சிக்கான முதல் பட்டியலில் மூன்று மதிப்பெண்ணில் இடம் தவறிவிட்டது. இரண்டாவது பட்டியலுக்கு இன்னும் பத்து நாள். விளையாட்டுச் சான்றிதழ் ஒன்று இருந்தால் ஐந்து மதிப்பெண் கூடும். ஓட்டத்தில் அவள் கடைசி. உயரம் தாண்டச் சொன்னால் கம்பியோடு சேர்ந்து விழுவாள். மிஞ்சியது இன்னாசி சாரின் பாய்மரப் பயிற்சி. முப்பது மணி நேரம் தண்ணீரில், படகில் இருக்க வேண்டும். என்ன நடந்தது என்று அவரவர் பதிவேட்டில் எழுத வேண்டும். சார் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ். அணையில் படகு விட வாங்கியிருந்த அனுமதி இன்றோடு முடிகிறது.

சான்றிதழ் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடு இருந்தது. அதாவது, மற்றவர்கள் செய்த ஏற்பாடுகளுக்கெல்லாம் அவள் சரி சொல்லி வைத்திருந்தாள். திருநாவலூரில் அக்கா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரச் சொன்னாள். சரி. களமருதூர்ச் சித்தி தையல் கற்றுக்கொள்ள வரச் சொன்னாள். சரி. நீ எங்கும் போக வேண்டாம், வீட்டிலேயே இரு என்றாள் அம்மா. அதற்கும் சரி. மூன்று இடத்திலும் ஒரே சமயத்தில் எப்படி இருப்பாய் என்று யாரும் கேட்கவில்லை. சரி என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததும் எல்லோரும் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். சொல்லிவிட்டு அவள் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள்.

இன்னாசி சார் கப்பற்படையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். அதில் பதினோரு வருடம் கரையில், அரிசி மூட்டைக் கிடங்கில். மீதி ஒரு வருடத்தைப் பற்றித்தான் எப்போதும் பேசுவார். அன்றைக்கு முழுநாள் பயணம் என்பதால் பாட அட்டவணை போட்டுக்கொண்டு வந்திருந்தார்: முடிச்சுகள், திசை பார்த்தல், காவல் மாற்றம், அரை மணிக்கு ஒரு முறை மணியடித்தல். மணி, மாதாகோயில் பூசையில் அடிக்கும் கைமணி. ஃபாதரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

மூன்றாவது மாணவி இலக்கியா. வெள்ளிமலைக்காரி, கீழே விடுதியில் தங்கிப் படித்தவள். மலைப்பாதை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து வளர்ந்தவள் என்பதால் மடியில் எப்போதும் நாலு எலுமிச்சம்பழம் வைத்திருப்பாள்.

கச்சிராயபாளையத்துக்கு முன்னால் ஒரு ஊர் எல்லையில் லாரி நின்றது. செல்வி எதிர்பார்த்தபடியே காற்றும் நின்றது.

சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் படுத்திருந்தது. அதன்மேல் இருபது முப்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் படுத்திருந்தார்கள். கிளைகளுக்கு நடுவே அடுப்பு மூட்டி அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. இருபது சதவீத இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் ஒரு வாரம் சாலை மறியல். அன்று நான்காவது நாள்.

டிரைவர் சின்னதுரை தலையை வெளியே நீட்டினார். “சார், இதுக்குமேல கப்பலு போவாது.”

“பெரிய ரோட்டுல மட்டும்தான் மறியல்னு ரேடியோவுல சொன்னானே?” என்று இன்னாசி சார் படகிலிருந்தபடியே கூவினார்.

மரத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகக் காய்த்துப்போயிருந்தது. அவர்தான் ஆதிமூலம் என்பது பின்னாலிருந்து யாரோ, “ஆதிமூலண்ணே, உடாத!” என்று கத்தியதில் தெரிந்தது.

“எங்களுக்கு இதாம் சார் பெரிய ரோடு,” என்றார் அவர். பிறகு அண்ணாந்து பார்த்தார். “இன்னா இது?”

“படகு.”

“அது தெர்து. ரோட்டுல இன்னா பண்ணுது?”

“அணைக்குப் போகுது. பொண்ணுங்களுக்குப் பயிற்சி.”

“நாலு நாளா மாட்டு வண்டியக் கூட உடல சார். எம் மச்சான் வூட்டுக் கல்யாணக் காரு வந்துச்சு. மாப்ளய எறக்கி நடக்க உட்டோம். மாலையோட போனான்.”

“படகுல போய் இன்னா கத்துக்கினு வருவீங்க?” என்றார் மரத்தில் படுத்திருந்த ஒருவர், எழுந்திருக்காமலே.

ஷீபாவுக்குப் பொறுக்கவில்லை. “சர்டிபிகேட் குடுப்பாங்கண்ணா. அது இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல டீச்சர் டிரெய்னிங் கெடைக்கும்.”

“கோட்டான்னா?”

“ஒதுக்கீடு.”

படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

“ஒங்களுக்கு எத்தினி பர்சன்ட்டு?” என்றார் ஆதிமூலம் மரியாதையாக.

“பர்சன்ட் இல்ல. அஞ்சு மார்க்கு.”

“அஞ்சுதானா?” அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். “பாரு, பொட்டப் புள்ளங்களுக்குக் கூட கம்மியாத்தான் குடுக்கறான்.” எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். தங்கள் வீட்டுப் பெண்களுக்கே அநியாயம் நடந்துவிட்ட மாதிரி இருந்தது.

அதன் பிறகு மரத்தடியில் ஒரு கூட்டம் நடந்தது. ஒதுக்கீடு கேட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள், ஒதுக்கீட்டுக்குப் போகிற பெண்களை மறிக்கலாமா? மறிக்கக் கூடாது. ஆனால் மறியல் முடியும்வரை ஊர் எல்லைக்குள் ஒரு சக்கரமும் உருளக் கூடாது என்று தீர்மானம் போட்டு எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறார்கள். அதையும் மீறக் கூடாது. ஒருவர் லாரியின்மேல் ஏறி, குனிந்து படகின் அடியில் பார்த்தார்.

“சக்கரம் இல்லண்ணே!”

“அப்ப தூக்கிட்டுப் போய்டலாம்,” என்றார் ஆதிமூலம். “அஞ்சு கிலோமீட்டரு. இருவத்திநாலு ஆளு. சாமியே தூக்கறோம், இது இன்னா?”

நான்கு நாளாக மரத்தில் உட்கார்ந்து சாம்பார் சோறு தின்றுகொண்டிருந்தவர்களுக்குக் கைகால் நமைச்சல் எடுத்திருக்க வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் எல்லையம்மன் கோயிலிலிருந்து சாமி தூக்கும் நீண்ட மரங்கள், வாரைகள், வந்துவிட்டன. இன்னாசி சார் அட்டவணையைப் பார்த்தார். முதல் பாடம் முடிச்சுகள். படகை வாரைகளோடு சேர்த்துக் கட்டக் கயிற்றை எடுத்து மூன்று பெண்களுக்கும் விளக்கிக்கொண்டே ஒரு முடிச்சுப் போட்டார். ஆதிமூலம் அதை ஒரு விரலால் தொட்டார். அவிழ்ந்தது.

“இப்டிப் போடணும் சார்.” கயிறு ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு முறுக்கு முறுக்கி இறுகிக்கொண்டது. “சாமிக்கட்டு. பொழுது சாஞ்சாதான் அவுக்கணும்.”

“இதையும் எழுதிக்கங்க,” என்றார் சார் கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

நடந்தே வருகிறோம் என்றாள் இலக்கியா. ஆனால் வாரை கட்டிய வாகனத்தைக் காலியாகத் தூக்கினால் ஊருக்கு ஆகாதாம். யாராவது உட்கார்ந்தே தீர வேண்டும். மூன்று பெண்களும் உட்கார்ந்தார்கள். தலைவன் கப்பலை விட்டு இறங்கக் கூடாது என்று சாரும் ஏறினார்.

“ஐயோ! சாமியவிட வாத்தியாரு ஜாஸ்தி!” என்றது பின்வாரையிலிருந்து ஒரு குரல்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். கிளம்பியதும் செல்விக்கு ஒன்று விளங்கியது. சாமி தூக்குகிறவர்கள் நேராக நடப்பதில்லை. முன்னால் இரண்டு அடி, பின்னால் ஒரு அடி. வலப்பக்கம் ஒரு சாய்வு, இடப்பக்கம் ஒரு சாய்வு. தோளில் வாரை ஏறினால் அவர்கள் காலுக்கு அந்த நடைதான் தெரியும். அணையில் இருபத்து நான்கு மணி நேரம் அசையாமல் கிடந்த கடலரசி, தார் ரோட்டில் முதல் தடவையாக ஏறி இறங்கியது. முன்முனை வானத்தைப் பார்த்தது. பிறகு ஆதிமூலத்தின் தலைப்பாகையைப் பார்த்தது. மறுபடியும் வானம்.

“ஏன்டி, இதுதான் கடலா?” என்றாள் ஷீபா, பக்கப் பலகையைக் கட்டிக்கொண்டு.

இலக்கியா கண்ணை இறுக மூடி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தாள். “பஸ்ஸே தேவல. அது ஒரு நேரத்துக்கு ஒரு பக்கமாத்தான் சாயும்.”

முதலில் படுத்தவர் இன்னாசி சார்தான். பெரிய தெரு பாதிகூட வரவில்லை. முகம் வெளுத்து, படகின் அடியில் நீளமாகப் படுத்து, பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டார். போர்வைக்குள்ளிருந்து கட்டளை மட்டும் வந்தது. “செல்வி, எழுதறத நிறுத்தாத. எது நடந்தாலும் எழுது. ஷீபா, மணி அடி.”

ஷீபா மணி அடித்தாள்.

அதுதான் வம்பாகப் போயிற்று. வாரை, நடை, இப்போது மணி. தெருவின் இருபக்கமும் கதவுகள் திறந்தன. பெண்கள் தட்டில் கற்பூரத்தோடும் குடத்தில் மஞ்சள் தண்ணீரோடும் ஓடி வந்தார்கள். முதல் வீட்டில் தூக்குகிறவர்களின் காலில் ஒரு குடம் தண்ணீர் விழுந்தது. சாமி வந்தால் வாசலில் அப்படித்தான் ஊற்றுவார்கள். செல்வி எட்டிக் கீழே பார்த்தாள். படகுக்கு அடியில் இன்று முதன்முதலாகத் தண்ணீர். அவள் எழுதினாள்: ‘9.40. நீரின் ஆழம் ஓர் அங்குலம். நிறம் மஞ்சள்.’

குடம் ஊற்றிய அம்மாள் கையை நெற்றிக்கு மேலே வைத்து மேலே பார்த்தாள். “இன்னா ஆதிமூலம், எந்தச் சாமி இது? புதுசாக்கீது.”

“சாமி இல்ல ஜெயம்மாக்கா. பொண்ணுங்க. கோட்டாவுக்குப் போவுதுங்க.”

“எதுவா இருந்தா இன்னா? வூட்டாண்ட வந்து நின்னுதில்ல.” ஜெயம்மாள் கற்பூரம் காட்டினாள். முன்னால் உட்கார்ந்திருந்த செல்வியைப் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்: “எம் பொண்ணுக்கு இந்த வருசமாச்சும் ஒரு புள்ள பொறந்துடுமா, தாயி?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் இதே மாவட்டத்துக்காரிதான், ஆசிரியர் பயிற்சிக்கு மூன்று மதிப்பெண் போதாதவள் என்று சொல்லியிருக்கலாம். செல்வியின் வாய் தனக்குப் பழகியதைச் சொன்னது.

“சரிங்க.”

ஜெயம்மாளின் கண் நிறைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருடத்தில் செல்வி எத்தனை சரி சொல்லியிருக்கிறாள். வீட்டில் அதை யாரும் குனிந்துகூடப் பார்த்ததில்லை. இந்த அம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாளே.

பிறகு வரிசை தொடங்கிவிட்டது. சினை நிற்காத மாடு. சரிங்க. தண்ணீர் வராத போர். சரிங்க. துபாய்க்குப் போனவனிடமிருந்து கடிதம். சரிங்க. ஒவ்வொரு வாசலிலும் படகு நின்றது, தண்ணீர் விழுந்தது, எலுமிச்சம்பழம் ஏறியது. இலக்கியாவின் கையிருப்பு நாலிலிருந்து நாற்பதானது. தெருக்கோடியில், வாரைக்கு அடியிலிருந்து ஆதிமூலத்தின் குரல் மூச்சு வாங்க வந்தது.

“எல்லாரும் கேட்டாச்சி. நா ஒண்ணு கேக்கட்டா? எங்க இருவது பர்சன்ட்டு கெடைச்சிடுமாம்மா?”

இருபத்து நான்கு தோள்களும் நின்றுவிட்டன. படகு அசையவில்லை. அதற்கு மட்டும் செல்விக்கு வாய் உடனே வரவில்லை. இவர்கள் நான்கு நாளாக ஒரு மரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒரு சொல்லைச் சும்மா எடுத்துக் கொடுக்கிறேன். கீழே ஆதிமூலத்தின் தோள் தெரிந்தது. காய்ப்பு இருந்த இடத்தில் தோல் சிவந்து உரிந்திருந்தது.

“குடுக்கணுங்க,” என்றாள் அவள்.

அது ‘சரி’ இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. “போடு!” என்று ஒரு கூச்சல் எழுந்தது. படகு ஒரு முழம் மேலே போய்க் கீழே வந்தது. பாய்க்குள் இன்னாசி சார் மாதாவைக் கூப்பிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு வாசலில் நின்றபடியே எல்லோருக்கும் சோறு வந்தது. படகுக்கு மேலே மூன்று கிண்ணம் ஏறியது. சாருக்கு மோர். ஒரு மணிக்குச் சின்னச் சந்து ஒன்றில் வடக்கே திரும்பி, ஏரிக்கரைமேல் ஏறினார்கள். ஏரியில் தண்ணீர் இல்லை. நடுவில் ஆடு மேய்ந்தது.

கரைமேல் ஏறியதும் காற்று வந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, வறண்ட ஏரியைக் கடந்து, தடுக்க ஒன்றுமில்லாமல் வந்த மேல்காற்று.

“சார், காத்து!” என்றாள் ஷீபா. “நெஜமான காத்து!”

“பாயை ஏத்து,” என்றார் சார், கண்ணைத் திறக்காமல். போர்த்தியிருந்ததைத் தானே உதறிக் கொடுத்தார். அந்த ஒரு கணம் அவர் உண்மையாகவே தலைவராக இருந்தார்.

மூன்று பேரும் கயிற்றை இழுத்தார்கள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டு வயிற்றைத் தள்ளியது. இருபத்து நான்கு பேரும் ஒரே சமயத்தில், “ஏய், ஏய், ஏய்!” என்றார்கள். அவர்கள் நடக்கவில்லை, ஓடினார்கள். ஓடாமலிருக்க முடியவில்லை. முன்னால் இரண்டு பின்னால் ஒன்று என்ற நடையெல்லாம் போய்விட்டது.

“ஆரு தள்றது?”

“காத்துடா!”

“புடிங்கடா! புடிச்சிக்கினே ஓடுங்கடா!”

பனைமரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் போயின. ஷீபா கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து அழுதாள். ஆடுகள் தலைதூக்கிப் பார்த்தன. செல்வியின் கையில் சுக்கான் இருந்தது. அதைத் திருப்பினால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் இறுகப் பிடித்திருந்தாள். படகு போகிறது, என்று நினைத்தாள். இத்தனை நாள் நான் எழுதியதெல்லாம் நின்றுகொண்டு எழுதியது. இப்போது போகிறது.

பதிவேட்டை எடுத்தாள். காற்று: மேற்கு, பலம். காலையில் பொய்யாக எழுதியதே இப்போது மெய்யாகிவிட்டது. திசைக்காகத் திசைகாட்டியைப் பார்த்தாள்.

கிழக்கு.

அவள் திரும்பிப் பார்த்தாள். மலை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அணை மலையடியில் இருக்கிறது. அவர்கள் அணையை விட்டுத் தூரமாக, காற்றின் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ஷீபா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலக்கியா கண்ணை மூடியிருந்தாள். தூக்குகிறவர்கள் குனிந்திருந்தார்கள். இது செல்வி ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்ல வேண்டும். சொன்னால் நிற்பார்கள். பாயை இறக்குவார்கள். இப்போது திரும்பினால்கூட அணையை எட்டி இருட்டுவதற்குள் நாலு மணி நேரம் பார்க்கலாம். மீதிக்குச் சார் ஏதாவது வழி சொல்லுவார். ஐந்து மதிப்பெண். வாயைத் திற. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. பயமில்லை, கூச்சமுமில்லை. இதை நிறுத்த அவளுக்கு மனமில்லை. மனமில்லாத ஒன்றைச் செய்யாமல் இருப்பது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. ‘1.35. கிழக்கு’ என்று மட்டும் எழுதினாள்.

கரை முடிந்து, தெற்கே திரும்பும் தெருவின் வாசல்களிலெல்லாம் நின்று, மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் படகு இறங்கியது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். எதிரே புளியமரம் படுத்திருந்தது. அண்டாவில் சாம்பார் அடிப்பிடித்திருந்தது. லாரிக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த சின்னதுரை ஒரு கண்ணைத் திறந்தார்.

“அதுக்குள்ள அணயெல்லாம் பாத்தாச்சா?”

ஆதிமூலம் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு மரத்தையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முப்பது வருசமா தூக்கறோம் சார். அம்மன இங்கேர்ந்து தூக்கி ஊரச் சுத்திட்டு இங்கதான் எறக்குவோம்.” தன் காலை நாயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “அதும்பாட்டுக்கு வந்துடுச்சி.”

“ஒருத்தனுக்குக் கூடவா தோணல?” என்றார் இன்னாசி சார், படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று. தரையே அவருக்கு இன்னும் ஆடியது.

“மணி அடிச்சா எப்டி சார் தோணும்?”

வேண்டுமானால் நாளைக்கு மறுபடி தூக்குகிறோம் என்றார்கள். நாளைக்கு அனுமதி இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்தார்கள். சாமிக்கட்டை யாரும் அவிழ்க்கவில்லை. பொழுது இன்னும் சாயவில்லை.

சார் மூன்று பேரையும் படகைச் சுற்றி உட்கார வைத்தார். அவர் கெட்டவரில்லை. சட்டையில் மோரும் மஞ்சளும் கொட்டியிருந்தன. கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துவிட்டுச் சொன்னார்: “எழுதிக்கங்க. காலை ஒன்பது மணி, கோமுகி அணை. காற்று மிதம். அலை குறைவு. மூணு பத்துக்குக் கரை. அவ்வளவுதான். ஆறு மணி நேரம், பத்து நிமிஷம். நான் கையெழுத்துப் போடறேன். வேற வழியில்ல.”

ஷீபா எழுதினாள். இலக்கியா தலை நிமிர்ந்து, “சார், வாந்தி எடுத்ததப் போடலாமா?” என்றாள்.

“போடலாம். அது தண்ணியிலயும் எடுப்பாங்க.”

செல்வியின் பதிவேட்டை அவரே வாங்கிப் படித்தார். ‘9.25. தலைவர் படுத்தார்.’ இருமினார். ‘9.40. நீரின் ஆழம் ஓர் அங்குலம்.’ உதடு லேசாகத் துடித்தது. ‘12.00. சோறு, முருங்கைக்காய்க் குழம்பு.’ பக்கத்தைத் திருப்பியவர் நிறுத்தினார்.

“ஒண்ணு முப்பத்தஞ்சு, கெழக்குன்னு போட்டிருக்க. அப்பவே தெரியுமா?”

“தெரியும் சார்.”

“ஏன் சொல்லல?”

அவள் ஏரிக்கரைப் பக்கம் பார்த்தாள். சார் பதிவேட்டை அவள் மடியில் வைத்தார்.

“போவுது வுடு. இதக் கிழிச்சிடு. மூணு வரிதான், புதுசா எழுது. உனக்காகத்தான் சொல்றேன்மா. இவங்க ரெண்டு பேருக்கும் இது இல்லன்னாலும் ஓடும். உனக்கு மூணு மார்க்குல நிக்கிது. இந்தப் பக்கத்த யாரும் நம்பமாட்டான்.”

எல்லாம் உண்மை. யாரும் நம்பமாட்டார்கள். மூன்று வரிக்கு ஐந்து மதிப்பெண். எழுதாவிட்டால் திருநாவலூர், களமருதூர், அம்மா. மூன்றும் வரிசையாக நிற்கின்றன. அங்கேயும் இனி ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அணையில் கழித்த இருபத்து நான்கு மணி நேரத்தை நினைத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கும் இன்னொன்றுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இந்த ஆறு மணி நேரத்தில் எந்த வாசலில் எந்தக் குடம் என்பதுகூட நினைவிருந்தது.

சார் தன் பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். ஷீபா, அவள் சொல்லப்போவதை முன்கூட்டியே உதட்டசைத்துக் காட்டிச் சிரித்தாள்: சரிங்க சார்.

“வேணாங்க சார்,” என்றாள் செல்வி.

அது அவ்வளவு மெல்லிய குரலில் வந்ததால், “என்னம்மா?” என்று சார் காதைக் கொண்டுவந்தார்.

அவள் அதே குரலில் மறுபடியும் சொன்னாள். பேனாவை வாங்கி, மூடி போட்டு, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.